25,000 கடல் மைலை எங்கே வெட்டுவது?

போன மாசம் எங்க செகண்ட் ரிவ்யூ. பன்னிரண்டாவது ஸ்லைடுல அந்த வரியை டைப் பண்ணினது நான்தான்: ‘ப்ராஜெக்ட் நிறைவு - 80%’. பேனல்ல யாரும் எதுவும் கேட்கல. கேட்டிருந்தா என்கிட்ட பதில் இருந்திருக்காது. ஃபர்ஸ்ட் ரிவ்யூல 40 போட்டோம், ஃபைனல்ல 100 போட்டாகணும், நடுவுல 70னு வருது, கொஞ்சம் தாராளமா 80. அவ்வளவுதான் எங்க கணக்கு.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. போனை நோண்டிக்கிட்டு இருந்தப்போ, பாய்மரப் படகில் தனி ஆளா உலகத்தைச் சுத்தி வந்தவங்களைப் பத்தின ஒரு வீடியோ வந்துச்சு. அதைப் பார்த்து, அதுக்கு அடுத்ததைப் பார்த்து, அப்புறம் தேடித் தேடிப் படிச்சு, மூணு வாரமா இதே வேலை. ரூம்மேட் என்னை ‘கேப்டன்’னு கூப்பிட ஆரம்பிச்சுட்டான். நான் கடலுக்குள்ள இறங்கினது அதிகபட்சம் முழங்கால் வரைக்கும்தான், அதுவும் மெரினாவுல. அதனால இதை அனுபவக் கட்டுரைன்னு எடுத்துக்காதீங்க. ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடினேன். ஒரு மனுஷன், ஒரு படகு, ஏழெட்டு மாசக் கடல், பக்கத்துல யாரும் இல்ல. அவ்வளவு பெரிய வேலையை அவங்க எப்படித் துண்டு போடுறாங்க?

‘மைல்ஸ்டோன்’னு ஸ்லைடுல எழுதி எழுதி, தமிழ்ல ‘மைல்கல்’னு ஒரு வார்த்தை இருக்கிறதே எனக்கு மறந்து போயிருந்தது. அது ஞாபகம் வந்ததும்தான் உறைச்சது. கடல்ல மைல் இருக்கு, கல் கிடையாது. எங்கே கல்லை நடணும்கிறதை மாலுமியேதான் முடிவு பண்ணணும்.

முதல்ல தூரத்தைப் பார்ப்போம். ஒரு கடல் மைல்ங்கிறது 1,852 மீட்டர். ஏன் இந்த விநோதமான எண்? அட்சரேகையில ஒரு டிகிரியை 60 பங்காக்கினா, ஒரு பங்கு ஒரு கடல் மைல். அப்போ பூமியை ஒரு முழுச் சுற்று சுற்ற 360 × 60 = 21,600 கடல் மைல். பாய்மரப் படகில் உலகைச் சுற்றியதாகச் சாதனைக் கணக்கில் சேர வேண்டும் என்றால் குறைந்தது இந்தத் தூரம் போயிருக்க வேண்டும். எல்லாத் தீர்க்கரேகைகளையும் கடக்க வேண்டும். பூமத்திய ரேகையைக் கடக்க வேண்டும். கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும். காற்றுக்கு வளைந்து வளைந்து போவதால் நிஜத்தில் தூரம் இன்னும் கூடும். 25,000ன்னு வெச்சுக்குவோம்.

சின்னப் படகு ஒண்ணு சராசரியா மணிக்கு 5 கடல் மைல் போகும். ஒரு நாளைக்கு 120. மொத்தம் 208 நாள். முதல் நாள் முழுக்க நனைஞ்சு, வாந்தி எடுத்து, தூங்காம ஓட்டினா, பயணத்துல முடிஞ்சிருக்கிறது அரை சதவீதத்துக்கும் கொஞ்சம் கம்மி. மறுநாளும் அதே அரை. இந்த ப்ராக்ரஸ் பாரைப் பார்த்துக்கிட்டே எந்த மனுஷனாலயும் 208 நாள் உட்கார முடியாது.

சரி, பத்தா வெட்டிடலாமே, 2,500 மைலுக்கு ஒரு துண்டு? நானும் அப்படித்தான் நினைச்சேன். மேப்பை எடுத்து அளந்து பாருங்க. பத்துல பாதிப் புள்ளிகள் வெறும் தண்ணி மேல விழும். அங்கே போய்ச் சேர்ந்தா கேக் வெட்டலாம், வேற ஒண்ணும் பண்ண முடியாது. அந்தப் புள்ளிக்கு முன்னாடி இருந்த நிலைமைக்கும் பின்னாடி இருக்கிற நிலைமைக்கும் எந்த வித்தியாசமும் இல்ல. எங்க 40, 80, 100 மாதிரியே.

மாலுமிகள் அப்படி வெட்டலை. அவங்க வெட்டினது வேற இடத்துல. அதைப் புரிஞ்சுக்கக் கொஞ்சம் வரலாறு வேணும்.

உலகத்தை முதன்முதலில் தனியாகச் சுற்றி வந்தவர் ஜோஷுவா ஸ்லோகம். 1895-ல் பாஸ்டனில் இருந்து ‘ஸ்ப்ரே’ என்ற படகில் கிளம்பினார். 1898-ல்தான் திரும்பினார். மூன்று வருஷம், வழியில் எத்தனையோ துறைமுகங்கள். அடுத்த பெரிய பெயர் ஃபிரான்சிஸ் சிச்செஸ்டர். அவர் 1966-67-ல் வழியில் ஒரே இடத்தில், சிட்னியில் மட்டும் நின்று, சுற்றி முடித்தார். அதற்கு அப்புறம் மிச்சம் இருந்தது ஒன்றுதான்: எங்கேயும் நிற்காமல் சுற்றுவது. அதை 1969-ல் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் செய்தார். அவருடைய 32 அடிப் படகு ‘சுஹைலி’, பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டப்பட்டது. ஆக, தனியாக நிற்காமல் உலகைச் சுற்றிய முதல் படகு நம்ம ஊர்ப் படகு. இதை எனக்கு எந்த ஜி.கே. புக்கும் சொல்லலை.

பல நிறுத்தம், ஒரு நிறுத்தம், நிறுத்தமே இல்லை. மனுஷ குலம் இந்த மூணு படி ஏற எழுபது வருஷத்துக்கு மேல ஆகியிருக்கு. இந்தியக் கடற்படை அதே படிகளைச் சில வருஷங்கள்ல ஏறினது. ‘சாகர் பரிக்கிரமா’ என்ற இந்தத் திட்டத்தின் மூளை, ஓய்வு பெற்ற வைஸ் அட்மிரல் மனோகர் அவதி. இந்தியர் ஒருவர் இந்தியாவில் கட்டிய படகில் தனியாக உலகைச் சுற்ற வேண்டும் என்பது அவருடைய கனவு. அதற்கு முன்வந்தவர் கமாண்டர் திலீப் தோண்டே. ஆனா எடுத்த உடனே கிளம்பிடலை. முதல்ல இங்கிலாந்து போய், அதே நாக்ஸ்-ஜான்ஸ்டனிடம் வேலை பழகினார். கோவாவில் ‘மாதேய்’ என்ற 56 அடிப் படகு கட்டப்பட்டது. அதைப் பழக்கிப் பார்க்க முதல்ல பக்கத்துக் கடல், அப்புறம் கொஞ்சம் தூரம். 2009 ஆகஸ்ட் 19 அன்று மும்பையில் கிளம்பி, நான்கே இடங்களில் நின்றார்: ஆஸ்திரேலியாவில் ஃப்ரீமாண்டில், நியூசிலாந்தில் லிட்டல்டன், ஃபாக்லாந்து தீவில் போர்ட் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன். 2010 மே 19 அன்று மும்பை. தனியாக உலகைச் சுற்றிய முதல் இந்தியர்.

தோண்டேவுக்குக் கரையில் இருந்து உதவிய இளம் அதிகாரி அபிலாஷ் டோமி. அவர் அதே ‘மாதேய்’ படகை எடுத்துக்கொண்டு 2012 நவம்பர் 1 அன்று மும்பையில் கிளம்பினார். இந்த முறை நிறுத்தமே கிடையாது. சுமார் 23,000 கடல் மைல். 2013 மார்ச் 31 அன்று திரும்பினார். சராசரி பார்த்தா ஒரு நாளைக்கு 150 மைலுக்கு மேல.

ஆக, டோமியோட பயணத்துக்கு முதல் மைல்கல் டோமி நட்டது இல்ல. தோண்டே நட்டது. அதே படகு, கிட்டத்தட்ட அதே வழி. எந்த இடத்துல எது உடையும்னு ஏற்கெனவே ஒருத்தர் போய்ப் பார்த்துட்டு வந்திருக்கார். சீனியர் கொடுத்த நோட்ஸ் மாதிரின்னு சொல்லலாம், ஆனா இந்த நோட்ஸ்ல தப்பு இருந்தா அரியர் இல்ல, உயிர் போகும்.

முனைகள்

நிறுத்தம் இருந்தா துண்டு போடுறது சுலபம். துறைமுகத்துக்குத் துறைமுகம் ஒரு துண்டு. நிறுத்தமே இல்லாதப்போ என்ன பண்றது? அங்கேதான் மூணு முனைகள் வருது. ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை, ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் லூவின் முனை, தென் அமெரிக்காவின் அடியில் ஹார்ன் முனை. ஐரோப்பாவில் இருந்து கிளம்புகிறவர்களுக்கு இதே வரிசை. மும்பையில் இருந்து கிளம்பினால் முதலில் லூவின், அடுத்து ஹார்ன், கடைசியில் நன்னம்பிக்கை.

இந்த மூணும் சம தூரத்துல இல்ல. சுலபமா கடக்கிற இடங்களும் இல்ல. அப்புறம் ஏன் எல்லா மாலுமியும் இதையே எண்ணுறாங்க?

காரணம் காற்று. தெற்கு அட்சரேகை 40 டிகிரிக்குக் கீழே மேற்கில் இருந்து கிழக்கே பலமான காற்று வீசிக்கொண்டே இருக்கும். குறுக்கே தடுக்கப் பெரிய நிலப்பரப்பு இல்லாததால் அலைகள் பூமியைச் சுற்றி வளர்ந்துகொண்டே வரும். ‘உறுமும் நாற்பதுகள்’ என்று இதற்குப் பெயர். இந்தக் காற்றில் ஏறிக்கொண்டால் வேகமாகக் கிழக்கே போகலாம். திரும்பி வருவதுதான் பிரச்சினை. காற்று வரும் திசைக்கு நேரெதிராகப் பாய்மரப் படகு போகாது. சுமார் 45 டிகிரி சாய்வில் இடமும் வலமுமாக வளைந்து போக வேண்டும். முக்கோணம் போட்டுப் பாருங்க, தூரம் 1.4 மடங்கு. அதுவும் ஒவ்வொரு அலையிலும் மோதிக்கொண்டு. சேதமான படகுக்கு அது முடியாத காரியம்.

அதாவது ஒவ்வொரு முனையும் ஒரு ஒன்-வே ரோட்டோட தொடக்கம். கேப் டவுனைத் தாண்டிட்டா அடுத்து ஒதுங்க வசதியான பெரிய கரை ஆஸ்திரேலியா. நியூசிலாந்தைத் தாண்டிட்டா ஹார்ன் முனை வரை சுமார் 5,000 மைல் வெறும் பசிபிக். அந்த வழியில இருக்கிற ‘பாயின்ட் நீமோ’தான் உலகத்திலேயே நிலத்தில் இருந்து மிகத் தொலைவான கடல் புள்ளி. எந்தத் திசையில் பார்த்தாலும் பக்கத்துக் கரை 2,688 கிலோமீட்டர். (2025-ல் ‘தாரிணி’ படகில் இரண்டு பேராகவே உலகைச் சுற்றிய இந்தியக் கடற்படையின் தில்னாவும் ரூபாவும் இந்த இடத்தைக் கடந்துதான் வந்தாங்க. ரூபா நம்ம புதுச்சேரிக்காரர்.)

அதனால முனையைத் தாண்டுறது கொண்டாட்டத்துக்கான இடமா இருக்கலாம், ஆனா அதோட முக்கியமான வேலை முனைக்கு முன்னாடி நடக்குது. குடிதண்ணி எவ்வளவு இருக்கு? பாய்மரத்தைப் பிடிச்சிருக்கிற இரும்புக் கயிறுகள்ல இழை பிரிஞ்சிருக்கா? தானே திசை பிடிக்கிற கருவி தாங்குமா? என் உடம்பு? எல்லாத்துக்கும் நேர்மையா பதில் எழுதிட்டு, போகலாமா வேண்டாமானு முடிவு பண்ணணும். பண்ணின பிறகு அந்த முடிவை மாத்த முடியாது. மைல்கல் நட வேண்டிய இடம் அதுதான்னு எனக்குப் புரிஞ்சது இங்கேதான். தூரத்தை வெட்டாதீங்க, திரும்ப முடியாத இடத்துக்கு ஒரு அடி முன்னாடி வெட்டுங்க.

இன்னொரு விஷயம். ஹார்ன் முனையைத் தெற்குக் கோடைக்காலத்தில், டிசம்பரில் இருந்து பிப்ரவரிக்குள் கடந்துவிடுவது நல்லது. அதனால் திட்டம் போடும்போது கிளம்பும் தேதியில் இருந்து முன்னோக்கிப் போட மாட்டார்கள். ஹார்னில் இருந்து பின்னோக்கி வருவார்கள். டோமி நவம்பர் 1 கிளம்பியது நல்ல நேரம் பார்த்து இல்லை. ஜனவரி கடைசியில் ஹார்ன் பக்கம் இருக்க வேண்டும் என்றால் அப்போது கிளம்பினால்தான் கணக்கு சரியாக வரும்.

பகல் 12 மணி

முனைக்கும் முனைக்கும் நடுவே வாரக்கணக்கு, சில சமயம் மாசக்கணக்கு. அந்த இடைவெளியைத் தாண்ட அவங்க இன்னும் சின்னதா வெட்டுவாங்க. இந்தப் பகுதிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

பழைய வழக்கம், பகல் 12 மணிக் கணக்கு. சூரியன் உச்சியில் இருக்கும் நேரத்தில் செக்ஸ்டன்ட் என்ற கோணமானியால் அது அடிவானத்துக்கு மேலே எத்தனை டிகிரி என்று அளந்தால் உங்கள் அட்சரேகை கிடைத்துவிடும். நேற்று 12 மணிக்கு இருந்த இடத்தில் இருந்து இன்று 12 மணிக்கு இருக்கும் இடம் வரை எவ்வளவு? அதுதான் அன்றைய ஓட்டம். சார்ட்டில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி. அவ்வளவுதான். நேற்று 160, இன்று 30 என்றும் வரும். பூமத்திய ரேகை பக்கத்துக் காற்றில்லாத பகுதியில் நீரோட்டம் படகைப் பின்னால் தள்ளினால், நேற்று போட்ட குறிக்கும் பின்னே இன்றைய குறி விழலாம். அதையும் போடணும். சூரியன்கிட்ட சலுகை கேட்க முடியாதே.

அப்புறம் கடிகாரம். பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுவதால் 15 டிகிரி தீர்க்கரேகைக்கு ஒரு மணி நேரம். தெற்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிக்கொண்டே வரும். பூமத்திய ரேகையில் 15 டிகிரி என்பது 900 கடல் மைல். 45 டிகிரி தெற்கில் அது சுமார் 636 மைல்தான். டோமியோட வேகத்துல நாலு நாளைக்கு ஒரு தடவை கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கலாம். நாலு நாளைக்கு ஒரு சின்ன வெற்றி, கையால தொட்டு முள்ளைத் திருப்புற வெற்றி. இன்னும் தெற்கே இறங்கினால் தூரம் இன்னும் குறையும். ஆனால் பனிப்பாறைகளும் புயல்களும் கூடும். ஷார்ட்கட்டுக்கு விலை எங்கேயும் உண்டு.

சாப்பாட்டையும் வாரத்துக்கு ஒரு பையா கட்டி வைக்கிற பழக்கம் உண்டு. பத்தாவது வாரத்தில் பதிமூன்றாவது பையைப் பிரித்துக்கொண்டு இருந்தால், எந்த எக்செல் ஷீட்டும் இல்லாமலே பிரச்சினை தெரிந்துவிடும்.

இதைவிடச் சின்ன துண்டு தூக்கம். கப்பல் நடமாட்டம் உள்ள இடத்தில் தனி ஆள் 20 நிமிஷத்துக்கு அலாரம் வைத்துத் தூங்குவார். ஏன் 20? மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் வரும் சரக்குக் கப்பல் 20 நிமிஷத்தில் சுமார் 7 மைல் வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருந்த கப்பல் பக்கத்தில் வந்து நிற்க அது போதும். எழுந்து, நாலு பக்கமும் பார்த்து, மறுபடி 20 நிமிஷம். அப்போது அவங்களுக்கு உலகத்தைச் சுத்துறது லட்சியம் இல்ல; அடுத்த அலாரம் வரைக்கும் மோதாம இருக்கிறதுதான் லட்சியம்.

80%

இப்போ நான் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பகுதி.

1968-ல் லண்டன் ‘சண்டே டைம்ஸ்’ பத்திரிகை ‘கோல்டன் குளோப்’ போட்டியை அறிவித்தது. தனியாக, நிற்காமல், உலகைச் சுற்ற வேண்டும். ஜூன் 1-ல் இருந்து அக்டோபர் 31-க்குள் கிளம்பலாம். முதலில் வருபவருக்குக் கோப்பை, குறைந்த நாளில் முடிப்பவருக்கு 5,000 பவுண்ட். ஒன்பது பேர் கிளம்பினார்கள்.

நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஜூன் 14 அன்று ஃபால்மத்தில் இருந்து புறப்பட்டார். கொஞ்ச நாளிலேயே சுஹைலியின் அடிப்பலகை இடுக்கு வழியாகத் தண்ணீர் ஏறத் தொடங்கியது. அவர் நடுக்கடலில் குதித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, படகுக்கு அடியில் போய்ப் பருத்தித் திரியை இடுக்கில் திணித்து அடைத்தார். சுற்றி வந்த சுறாவைத் துப்பாக்கியால் சுட்டுவிட்டு மறுபடி இறங்கினார். வழியில் ரேடியோ போச்சு, திசை பிடிக்கும் கருவி போச்சு. நவம்பரில் நியூசிலாந்தைத் தாண்டிய பிறகு, ஏப்ரல் வரை அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே யாருக்கும் தெரியாது. 1969 ஏப்ரல் 22 அன்று ஃபால்மத்துக்கே திரும்பினார். 312 நாள். சராசரி வேகம் மணிக்கு நாலு கடல் மைல், அதாவது மெதுவா ஜாகிங் போற வேகம்.

அதே போட்டியில் இன்னொருவர், டொனால்ட் க்ரோஹர்ஸ்ட். வயது 36. எலெக்ட்ரானிக்ஸ் கருவிகள் செய்யும் சின்ன கம்பெனி வைத்திருந்தார். நம்மள மாதிரி ஆளுன்னுதான் சொல்லணும். படகுக்கு ஏகப்பட்ட புதுக் கருவிகள் திட்டம் போட்டார், எதுவும் முழுசா முடியலை. படகுக்குப் பணம் போட்டவரோடு செய்த ஒப்பந்தத்தின்படி, பாதியில் விட்டால் வீடும் தொழிலும் போய்விடும். கடைசித் தேதியான அக்டோபர் 31 அன்று, வேலை முடியாத மூன்றுடல் படகோடு கிளம்பினார். இரண்டு வாரத்துக்குள் தெரிந்துவிட்டது: படகு ஒழுகுகிறது; தெற்குக் கடலுக்குள் போனால் பிழைப்பது பாதிக்குப் பாதி. இதை அவரே லாக் புக்கில் ஒழுங்காக, ஒரு நல்ல இன்ஜினியர் எழுதுற மாதிரி, எழுதி வைத்திருக்கிறார். முனைக்கு முன்னாடி செய்ய வேண்டிய கணக்கை அவர் சரியாகவே போட்டார். விடையும் சரியாக வந்தது. அந்த விடையை வெளியே சொல்ல அவரால் முடியவில்லை.

டிசம்பரில் ஒரே நாளில் 243 மைல் ஓடியதாக ரேடியோவில் செய்தி அனுப்பினார். ஊரில் கொண்டாட்டம். உண்மையில் அவர் அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு இருந்தார். உண்மையான இடத்தை ஒரு பக்கம் குறித்துக்கொண்டே, பொய்யான இடங்களுக்கும் சூரியக் கோணங்களை உட்கார்ந்து கணக்கிட்டார். உண்மையான கணக்கில் கோணத்தை அளந்து இடத்தைக் கண்டுபிடிக்கிறோம். பொய்க் கணக்கில் இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கே இருந்தால் சூரியன் எந்தக் கோணத்தில் தெரிந்திருக்கும் என்று தலைகீழாகப் போட வேண்டும். உண்மையைவிடப் பெரிய உழைப்பு. மார்ச்சில் அர்ஜென்டினா கரையில் ரகசியமாக ஒதுங்கிப் படகைச் சரிசெய்தார். மற்றவர்கள் ஹார்னைத் தாண்டி வந்ததும் கூட்டத்தோடு சேர்ந்து கடைசியாக வந்துவிடலாம், கடைசியில் வருபவரின் லாக் புக்கை யாரும் துருவிப் பார்க்க மாட்டார்கள் என்பது திட்டம்.

அவருக்கு முன்னால் போய்க்கொண்டு இருந்தவர் நைஜல் டெட்லி. பின்னால் க்ரோஹர்ஸ்ட் வேகமாக வருகிறார் என்று நம்பி, ஏற்கெனவே நைந்துபோன படகை விரட்டினார். வீட்டுக்கு ஆயிரம் மைல் சொச்சம் இருக்கும்போது, 1969 மே 21 அன்று, படகு உடைந்து மூழ்கியது. டெட்லி காப்பாற்றப்பட்டார். இப்போது 5,000 பவுண்ட் பரிசு க்ரோஹர்ஸ்டுக்குத்தான் வரும், லாக் புக்கும் சோதிக்கப்படும். ஜூலை 10 அன்று அவருடைய படகு நடு அட்லாண்டிக்கில் ஆள் இல்லாமல் மிதந்தது. அவர் உடல் கிடைக்கவே இல்லை. முடித்தவர் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவர்தான். அவருக்குக் கிடைத்த 5,000 பவுண்டை க்ரோஹர்ஸ்டின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

க்ரோஹர்ஸ்டை வில்லன் மாதிரி பார்க்கிறவங்க இருக்காங்க. என்னால முடியல. 243-ங்கிற எண்ணைப் படிச்சப்போ எனக்கு 80 ஞாபகம் வந்துச்சு. இரண்டு எண்ணும் கடலுக்காகவோ ஏரிக்காகவோ எழுதினது இல்ல, கரையில காத்துக்கிட்டு இருக்கிறவங்களுக்காக எழுதினது. பகல் 12 மணிப் பெருக்கல் குறிக்கும் இதுக்கும் இருக்கிற வித்தியாசம் அவ்வளவுதான்.

சொல்லிடறேன். எங்க ப்ராஜெக்ட் ஏரியில மிதந்துக்கிட்டே தண்ணியோட கலங்கலையும் பி.எச். அளவையும் அனுப்புற ஒரு மிதவை. செகண்ட் ரிவ்யூல நாங்க காட்டின கிராஃப் ஏரியில எடுத்தது இல்ல. ஹாஸ்டல் பாத்ரூம் பக்கெட்ல எடுத்தது. எங்க மிதவை ஏரிக்கே போகலை. ஏன்னா அதுவும் ஒழுகுது.

நிற்பதற்கும் ஒரு வகுப்பு

கோல்டன் குளோப் போட்டி 2018-ல் மறுபடி தொடங்கியது. 1968-ல் இருந்த கருவிகள் மட்டும்தான். செக்ஸ்டன்ட், காகிதச் சார்ட். ஜிபிஎஸ் ஒன்று சீல் வைத்த பெட்டியில் இருக்கும், ஆபத்துக்கு மட்டும். சுஹைலியைப் போலவே கட்டிய ‘துரியா’ படகில் டோமி போனார். செப்டம்பர் 21 அன்று, தெற்கு இந்தியப் பெருங்கடல் புயலில் படகு புரண்டது, பாய்மரம் உடைந்தது, அவருக்கு முதுகெலும்பில் அடி. நகர முடியாமல் மூன்று நாள் படுத்திருந்தவரைப் பிரெஞ்சுக் கப்பல் ‘ஒசிரிஸ்’ வந்து மீட்டது.

அறுவை சிகிச்சை. மறுபடி நடக்கப் பழகுவது. மறுபடி கடல். 2022 செப்டம்பர் 4 அன்று பிரான்சில் இருந்து அதே போட்டியில் கிளம்பிய 16 பேரில் டோமியும் ஒருவர். ஒன்-வே ரோட்டில் ஏறும் முன்பு லான்சரோட்டே, கேப் டவுன், ஹோபார்ட் மாதிரி இடங்களில் கரைக்குப் பக்கத்தில் வந்து, நிற்காமலே, எடுத்த படங்களையும் கடிதங்களையும் ஒப்படைத்துவிட்டுப் போகணும். யாரிடமும் ஒரு ஸ்க்ரூ கூட வாங்கக்கூடாது. திசை பிடிக்கும் கருவி உடைந்தபோது, டோமி படகின் கழிவறைக் கதவைக் கூட அறுத்து அதற்குப் பாகம் செய்தார். 236 நாளில், 2023 ஏப்ரல் 29 அன்று, இரண்டாவதாக வந்தார். முதலில் வந்தவர் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர். அவர் வழியிலேயே, படகு மூழ்கிய ஒரு சக போட்டியாளரைக் காப்பாற்ற வழி மாறிப் போய்விட்டு வந்தும் ஜெயித்தார்.

இந்தப் போட்டியில் ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஒரு இடத்தில் நின்றுவிட்டால் உங்களை வெளியே தள்ள மாட்டார்கள். ‘சிச்செஸ்டர் வகுப்பு’க்கு மாற்றிவிடுவார்கள். ஒரே நிறுத்தத்தோடு சுற்றிய அந்தப் பழைய மாலுமியின் பெயர். 2022 போட்டியில் முன்னணியில் இருந்த சைமன் கர்வன் கருவி உடைந்து சிலியில் ஒதுங்கினார், சரிசெய்தார், அந்த வகுப்பில் பயணத்தை முடித்தார். க்ரோஹர்ஸ்டுக்கு 1968-ல் அப்படி ஒரு வகுப்பு இல்லை. முழுசா ஜெயிக்கணும், இல்லேன்னா வீடு போகணும்.

போன வியாழக்கிழமை நாங்க நாலு பேரும் கைடு மேமைப் பார்க்கப் போனோம். பக்கெட் விஷயத்தைச் சொன்னோம். பைனல் ரிவ்யூவுக்கு இன்னும் ஆறு வாரம் இருந்துச்சு, திட்டு வாங்கினாலும் பரவாயில்லைன்னுதான் போனோம். மேம் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் லேப்டாப்பை மூடிட்டு, “சரி, ஏரிக்கு எப்போ போறீங்க?”ன்னு மட்டும் கேட்டாங்க.

சதவீதத்தை எல்லாம் அழிச்சுட்டோம். புது ஸ்லைடுல முதல் வரி: ‘சென்சார் இல்லாமல், வெறும் மிதவை, ஏரியில் ஒரு மணி நேரம், உள்ளே தண்ணீர் ஏறக் கூடாது.’ அதைத் தாண்டினா மட்டும்தான் சென்சாரைப் பொருத்துவோம். ஏன்னா பொருத்தின பிறகு தண்ணி ஏறினா புது சர்க்யூட் போர்டு வாங்க எங்ககிட்ட காசு இல்ல.

இந்தச் சனிக்கிழமை காலையில ஆறு மணிக்குப் போறோம். ரப்பர் வளையம் மாத்தியாச்சு, சிலிகான் ரெண்டு கோட் அடிச்சிருக்கு. ரூம்மேட் நீச்சல் தெரிஞ்சவன், அவனும் வர்றான்.